என் 14 மணி நேரத்தைத் திருப்பிக் கொடுங்கள்

கல்லூரி ஆட்சிக்குழுத் தலைவர், செயலர், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

ஐந்தாண்டு இந்தக் கல்லூரியின் முதல்வராக உங்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து, நீங்கள் போட்ட தீர்மானங்களுக்கு மினிட்ஸ் எழுதியவள் நான். இப்போது என்னைப் பற்றியே ஒரு தீர்மானம் போட்டிருக்கிறீர்கள். ஜூனில் கல்லூரி திறந்த அன்று அலுவலகத்திலிருந்து வந்த ஒரு பக்கக் கடிதத்தைப் படித்துத்தான் அது எனக்குத் தெரிந்தது. முன்னாள் முதல்வர்களின் அனுபவத்தையும் கண்ணியத்தையும் முன்னிட்டு அவர்களுக்கு இனி வகுப்பு ஒதுக்கத் தேவையில்லை, ஓய்வு பெறும்வரை கல்வி ஆலோசகராக இருந்து நிர்வாகத்துக்கு உதவுவார்கள் என்று அதில் இருந்தது.

ஜூலையில் ஒரு கடிதம் கொடுத்தேன். செப்டம்பரில் இன்னொன்று. இரண்டிலும் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை விழுந்தது, பதில் வரவில்லை. அதனால் இந்த மூன்றாவது கடிதத்தை உறையில் போடாமல் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். கல்லூரியின் பெயரை எழுதப்போவதில்லை. உங்களுக்கு அது தெரியும். மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள மற்ற கல்லூரிக்காரர்கள் படித்தால், இது தங்கள் கல்லூரியைப் பற்றியதோ என்று சிலராவது நினைப்பார்கள். நினைக்கட்டும்.

ஆலோசகர் அறை எங்கே இருக்கிறது என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. கலையரங்கத்துக்குப் பின்னால், கேரம் போர்டும் கிரிக்கெட் வலையும் போட்டு வைத்திருந்த அறை. வெள்ளையடித்து, ஏசி மாட்டி, பித்தளையில் பெயர்ப்பலகையும் வைத்திருக்கிறீர்கள். நாற்காலியின் முதுகில் வெள்ளைத் துண்டு. முதல் நாள் அதை எடுத்து மடித்து மேசை இழுப்பறையில் வைத்தேன். மறுநாள் புதுத் துண்டு ஒன்று கிடந்தது. அதையும் மடித்து வைத்தேன். இழுப்பறையில் ஏழு துண்டு சேர்ந்த பிறகு அட்டெண்டர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஏம்மா, துண்டு புடிக்கலையா?"

"துண்டு நல்லாத்தான் இருக்குண்ணே. இங்குட்டு உக்காந்து பாக்க எனக்கு ஒரு வேலையும் இல்லையே."

அவர் சிரிக்கவில்லை. நான் தாவரவியல் துறையில் புதிதாகச் சேர்ந்தபோது லேபில் எனக்குக் கண்ணாடிக் குடுவை கழுவிக் கொடுத்தவர் அவர். எனக்கு என்ன நடந்திருக்கிறது என்பது உங்களைவிட அவருக்கு நன்றாகப் புரிந்தது.

அன்றைக்கே துறைக்குப் போனேன். அறிவிப்புப் பலகையில் டைம் டேபிள் ஒட்டியிருந்தது. ஆறு டே ஆர்டர், நாளுக்கு ஐந்து மணி, ஒரு வகுப்புக்கு 30 கட்டம். இளங்கலை மூன்று வகுப்பு, முதுகலை இரண்டு. ஒவ்வொரு கட்டத்திலும் ஆசிரியரின் இனிஷியல். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷத்தில் செய்தது போலவே விரலை வைத்துத் தேடினேன். என் இனிஷியல் எங்கேயும் இல்லை. துறைத்தலைவர் பின்னால் வந்து நின்றார். நான் திரும்பியதும், "மேடம், எனக்கு மேலிடத்துல இருந்து..." என்று ஆரம்பித்து அதோடு நிறுத்திக்கொண்டார். இரண்டு வருஷத்துக்கு முன் அவர் தாமதமாக வந்ததற்கு மெமோ கொடுத்தவள் நான். அவர் எப்படி எனக்கு வகுப்பு போடுவார்? அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவருக்கு அந்தச் சங்கடத்தை வைத்தவர்கள் நீங்கள்.

விதி என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகள் கல்லூரி முதல்வருக்கு ஐந்தாண்டுப் பதவிக்காலம் வைக்கின்றன. பணியை மதிப்பிட்டு இன்னொரு ஐந்தாண்டு நீட்டிக்கலாம். பதவிக்காலம் முடிந்தவர் பேராசிரியர் என்ற பெயரோடு, பேராசிரியர் நிலையில், தாய் நிறுவனத்துக்குத் திரும்ப வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. ஆலோசகர் என்ற சொல் அங்கே இல்லை. அதே விதிமுறைகள் உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரமும், இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14 மணி நேரமும் நேரடிக் கற்பித்தல் என்று கணக்குப் போடுகின்றன. அந்த 14 மணி நேரம் என் வேலை. அதற்குத்தான் எனக்குச் சம்பளம். கண்ணியம் என்று பெயர் வைத்து அதை எடுத்துவிட்டு, அரசாங்கச் சம்பளத்தில் என்னை ஏசி அறையில் உட்கார வைத்திருக்கிறீர்கள். கல்லூரிக் கல்வி மண்டல இணை இயக்குநர் அலுவலகத்திலிருந்து தணிக்கைக்கு வருபவர், இந்த அம்மா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டால் என்ன பதில் சொல்வதாக உத்தேசம்?

அந்த 14 மணி நேரம் காற்றில் கரைந்துவிடவில்லை. மூன்று பேர் தலையில் விழுந்திருக்கிறது. அதில் ஒருவர் மணிக்கணக்குச் சம்பளத்துக்கு வரும் கெஸ்ட் லெக்சரர். கைக்குழந்தைக்காரர், தினமும் உசிலம்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறார். கூடுதல் மணிக்குக் கூடுதல் காசு கொடுத்தீர்களா என்று கேட்டேன், இல்லையாம். 'சீனியர் மேடத்தோட கிளாஸ்தானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க' என்று சொல்லப்பட்டதாம். எனக்குக் காட்டிய மரியாதைக்கு விலை கொடுப்பது அந்தப் பெண்.

இனி என் குற்றத்தையும் சொல்லியாக வேண்டும். இதை மறைத்துவிட்டு உங்களிடம் நியாயம் கேட்டால் எழுத்து கூசும்.

எங்கள் துறையில் ஹெர்பேரியத்துக்கென்று, அதாவது உலர்த்திய செடிகளின் சேகரிப்புக்கென்று, ஒரு அறை இருந்தது. தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் அழகர்மலையிலும் நாகமலையிலும் சிறுமலையிலும் பறித்து, பழைய செய்தித்தாளுக்கு நடுவே அழுத்திக் காயவைத்து, 42-க்கு 28 சென்டிமீட்டர் அட்டையில் ஒட்டி, எந்த இடம், எந்த நாள், பூ என்ன நிறம் என்று மையால் எழுதி வைத்த செடிகள். கல்லூரிக்குத் தர மதிப்பீடு போடும் நாக் கமிட்டி வரும் வருஷம் கோப்புகள் வைக்க இடம் போதவில்லை. நான்தான் பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, ஹெர்பேரிய அலமாரிகளை வராந்தாவுக்கு மாற்றச் சொன்னேன். தற்காலிகம் என்றுதான் எழுதினேன். நம் கல்லூரியில் தற்காலிகம் என்றால் என்ன என்பது உங்களுக்குத் தெரியும்.

வடகிழக்குப் பருவமழை இரண்டு முறை வந்து போயிருக்கிறது. ஜூலையில், செய்வதற்கு ஒன்றும் இல்லாத ஒரு மத்தியானம், அந்த அலமாரியைத் திறந்தேன். கதவு துருப்பிடித்துப் பாதியில் நின்றது. பச்சைப் பூஞ்சை வாடை. நாப்தலின் உருண்டை வைத்துப் பல காலமாகியிருக்க வேண்டும். மேலே இருந்த ஃபோல்டரைப் பிரித்தேன். நான் எம்.எஸ்சி. படிக்கும்போது நூபுர கங்கைக்குப் போகும் வழியில் பறித்த வெப்பாலை. லேபிளில் என் கையெழுத்து அப்படியே இருந்தது. அட்டையில் ஒரு குச்சியும், நான்கு இடத்தில் பசை உலர்ந்த தழும்பும்தான். இலை முழுக்கப் பூச்சி தின்று தூளாகி ஃபோல்டரின் மடிப்பில் சேர்ந்திருந்தது. மூச்சு விட்டால் பறந்துவிடும் போலிருந்ததால் மெதுவாக மூடி வைத்தேன்.

இது என் ஒருத்தியின் நினைவுப் பொருள் சமாச்சாரம் இல்லை. 2022 நவம்பரில் மதுரைக்குப் பக்கத்து அரிட்டாபட்டியைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் இரண்டு ஊரும் சேர்த்து 193 ஹெக்டேருக்குச் சற்று மேல். அன்று முதல்வர் அறையிலிருந்து பத்திரிகைகளுக்கு வாழ்த்துச் செய்தி அனுப்பினேன், போட்டோவுக்கும் நின்றேன். பதவிக்கு வந்த பிறகு ஒருமுறைகூட அந்த மலைப்பக்கம் போகவில்லை என்பதை யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு வருஷம் கழித்து, அரிட்டாபட்டியும் அடங்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தது. மேலூர் வட்டாரமே தெருவுக்கு வந்தது. விவசாயிகள் மதுரைக்கு நடந்து வந்தார்கள். 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அந்தப் போராட்ட நாட்களில் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் என் அறைக்கு வந்து கேட்டது ஒன்றே ஒன்று: "எங்க மலையில என்னென்ன செடி இருக்குன்னு உங்க காலேஜ் புள்ளைக வருஷா வருஷம் வந்து எழுதிட்டுப் போனாங்களே, அந்த லிஸ்டு வேணும்மா."

லிஸ்ட் இருந்தது. அதை மெய்ப்பிக்கும் அட்டைகள் வராந்தாவில் நனைந்துகொண்டிருந்தன. அட்டை இல்லாத பட்டியல் சாட்சி இல்லாத வழக்கு மாதிரி. 'பார்த்துச் சொல்கிறேன்' என்று அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். முதல்வராக இருந்த ஐந்தாண்டில் நான் வெட்கப்பட்ட நாள் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் அதைத்தான் சொல்வேன். கொரோனாவில் ஆன்லைன் தேர்வு குளறுபடியானதோ, நீங்கள் என்னைக் கடிந்துகொண்ட கட்டட விவகாரமோ அதற்குப் பக்கத்தில்கூட வராது.

ஆகவே, துறைக்குத் திரும்புவது எனக்கு வெறும் வேலை மாற்றம் இல்லை. நான் கெடுத்ததைச் சரி செய்ய எனக்கு இருக்கும் ஒரே வழி அதுதான்.

ஆகஸ்டில் ஒரு நாள் அந்தக் கெஸ்ட் லெக்சரரின் குழந்தைக்குக் காய்ச்சல். இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. வகுப்பு சும்மா இருந்தது. யாரையும் கேட்காமல் உள்ளே போய்ச் சாக்பீஸ் எடுத்தேன். ஐந்தாண்டாகக் கூட்டங்களிலும் விழாக்களிலும் மைக்கைப் பிடித்தே பேசிப் பழகிவிட்டேன். முதல் பத்து நிமிஷம் நான் பாடம் நடத்தவில்லை. வரவேற்புரை ஆற்றிக்கொண்டிருந்தேன் என்று எனக்கே தெரிந்தது. பிள்ளைகளும் விழாவுக்கு வந்தவர்கள் மாதிரி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். பிறகு ஜன்னலுக்கு வெளியே தெரிந்த மரத்தைக் காட்டி, உசிலம்பட்டிக்குப் பெயர் கொடுத்த உசிலை இதுதான், பாட்டி தலைக்குத் தேய்க்கிற அரப்பு இதன் இலைதான் என்றதும், "எங்க வீட்லயே இருக்கு மேடம்" என்று ஒரு பையன் சொன்னான். வகுப்பு அப்போதுதான் வகுப்பானது.

அந்த உற்சாகத்தில் சீமைக்கருவேலத்துக்குப் போனேன். போர்டில் 'புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா' என்று எழுதினேன். மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண், மேலூர்ப் பக்கத்துப் பிள்ளை, கையைத் தூக்கினாள்.

"மேடம், அது பேரு மாறிருச்சு. இப்ப நெல்டுமா."

நான் நம்பவில்லை. போனைக் கொண்டுவந்து காட்டினாள். 2022-லேயே மாறியிருக்கிறது. கருவேலம் அகேசியாவிலிருந்து வச்செல்லியாவுக்குப் போனது எனக்குத் தெரியும். ஆவாரை கேசியாவிலிருந்து சென்னாவுக்குப் போனதை நானே பாடம் நடத்தியிருக்கிறேன். இது மட்டும் எப்படித் தப்பியது? நான் கோப்பில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த வருஷம் அது. போர்டில் எழுதியதை அழித்து அவளையே எழுதச் சொன்னேன்.

வகுப்பு முடிந்து பதினைந்து நிமிஷத்தில் அலுவலகத்திலிருந்து போன். "மேடம், நீங்க ஏன் சிரமப்படுறீங்க? சொல்லியிருந்தா வேற ஆளப் போட்டிருப்போமே." அந்தக் குரலில் உண்மையான அக்கறை இருந்தது. அதுதான் சிக்கலே. கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

என் அறிவு ஐந்தாண்டு பின்தங்கிவிட்டது என்பதை நான் மறுக்கவில்லை. அதைச் சரிக்கட்ட ஒரு செமஸ்டர் வேண்டும். பாடத்திட்டம் இரண்டு முறை மாறியிருக்கிறது. பிள்ளைகள் நான் முதல்வர் என்ற முறையில் 'நான் முதல்வன்' என்ற அரசின் திறன் பயிற்சித் திட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டதைத்தான் பார்த்திருக்கிறார்கள், அதில் அவர்கள் என்ன படிக்கிறார்கள் என்று நான் உட்கார்ந்து பார்த்ததில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நிர்வாகப் பொறுப்பை விட்டு வகுப்புக்குத் திரும்புகிறவருக்கு, விட்டதைப் படித்துக்கொள்ளச் சில மாதம் விடுப்புக் கொடுக்கும் வழக்கம் உண்டு. எனக்கு அவ்வளவெல்லாம் வேண்டாம். பின்தங்கிய ஆசிரியரைப் படிக்கச் சொல்வது ஒரு கல்லூரிக்கு இயல்பான காரியம். பின்தங்கிவிட்டார் என்று நாற்காலியில் துண்டு போடுவது எனக்குப் புரியவில்லை.

உங்கள் பயம் என்ன என்பதும் எனக்குத் தெரியும். வாயைத் திறந்து சொல்லாததால் நானே சொல்கிறேன். புதிய முதல்வர் என்னிடம் படித்தவர். நான் துறையில் நடமாடினால், ஆசிரியர்களும் அலுவலர்களும் அவரைத் தாண்டி என்னிடம் வருவார்கள். ஒரு உறையில் இரண்டு கத்தி ஆகிவிடும். இந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. முதல் வாரமே இரண்டு பேர் வந்தார்கள். ஒருவருக்கு மாறுதல், இன்னொருவருக்கு ஒரு விடுப்புக் கணக்கு. முதல்வர் அறைக்கு வழி காட்டி அனுப்பிவிட்டேன்.

ஆனால் அவர்கள் எங்கே வந்தார்கள்? நீங்கள் ஏசி மாட்டிக் கொடுத்த அறைக்கு. கதவு சாத்தலாம், யாரும் பார்க்க மாட்டார்கள், உள்ளே இருப்பவளுக்கு வேலை இல்லை. கோள் சொல்ல அதைவிட நல்ல இடம் இந்த வளாகத்தில் கிடையாது. லேபில் முப்பது பிள்ளைகளுக்கு நடுவே மைக்ரோஸ்கோப்பைச் சரிசெய்துகொண்டிருப்பவளிடம் யாரும் மாறுதல் பற்றிப் பேச வரமாட்டார்கள். முன்னாள் முதல்வரால் தொல்லை வரக்கூடாது என்றால் அவளுக்கு நிறைய வேலை கொடுங்கள். அதிகாரத்தில் இருந்துவிட்டு வந்தவளுக்குப் பொழுது போகாமல் வைப்பது ஆபத்து. என்னை நானே அறிவேன்.

காலக் கணக்கு ஒன்று பாக்கி. எனக்கு அறுபது வயதாக இன்னும் நான்காண்டும் சில மாதமும் இருக்கின்றன. 2022-ஆம் ஆண்டு பிஎச்.டி. விதிமுறைகளின்படி, ஓய்வுக்கு மூன்றாண்டுக்கும் குறைவாக இருப்பவர் புதிய ஆய்வு மாணவரைச் சேர்க்க முடியாது. அப்படியானால் ஆலோசகர் அறையில் இன்னும் ஒரு வருஷமும் கொஞ்சமும் உட்கார்ந்தால் போதும், ஆய்வு வழிகாட்டி என்ற முறையில் என் கதை முடிந்தது. அரிட்டாபட்டித் தாவரங்களில் வேலை செய்ய ஒரு மாணவர் காத்திருக்கிறார். 'மேடம், நீங்க டிபார்ட்மென்ட்ல இருக்கீங்களா இல்லையா' என்று அவர் இரண்டு முறை கேட்டுவிட்டார். என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கிறது.

அதனால் நான் கேட்பவை இவை.

ஜூனில் போட்ட தீர்மானத்தை ரத்து செய்யுங்கள். எனக்கு மட்டும் விலக்கு என்று எழுத வேண்டாம். எனக்குப் பின்னால் முதல்வர் பதவியிலிருந்தும் டீன் பதவியிலிருந்தும் திரும்பப் போகிறவர்களுக்கும் சேர்த்து ரத்து செய்யுங்கள். இன்றைய முதல்வரும் ஒருநாள் தன் துறைக்குத் திரும்ப வேண்டியவர்தான்.

டிசம்பரில் தொடங்கும் செமஸ்டரில் என் 14 மணி நேரத்தை எனக்குப் போடுங்கள். அதில் முதலாண்டு அலைடு (துணைப்பாட) வகுப்பு ஒன்றும், செய்முறை வகுப்பு ஒன்றும் கண்டிப்பாக வேண்டும். முதுகலைக்கு மட்டும் அனுப்பி எனக்குச் சலுகை காட்ட வேண்டாம். இதை ஆட்சிக்குழு எழுத்தில் துறைத்தலைவருக்கு உத்தரவாகக் கொடுக்க வேண்டும். வாய்வார்த்தையாகச் சொன்னால் அவர் மறுபடியும் என் முன்னால் தயங்கி நிற்பார். எனக்கு மணி திரும்ப வருவதைக் காரணம் காட்டிக் கெஸ்ட் லெக்சரர் யாரையும் நிறுத்தக் கூடாது. அவர்களிடமிருந்து வாங்குவது அவர்கள்மேல் ஏற்றிய கூடுதல் சுமையை மட்டும்தான். ஜூன் முதல் அவர்கள் எடுத்த கூடுதல் மணிகளுக்கு உரிய பணத்தையும் கொடுத்துவிடுங்கள்.

பொறுப்பு முடிந்து திரும்புகிற யாருக்கும் முதல் செமஸ்டரில் நான்கு மணி நேரம் குறைத்து, அந்த நேரத்தில் புதிய பாடங்களைப் படித்துக்கொள்ள விதி செய்யுங்கள். எனக்கு இது கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, அடுத்தவருக்காவது கிடைக்கட்டும்.

நாக் கோப்புகளைக் கலையரங்கத்துக்குப் பின்னால் உள்ள அந்த ஏசி அறைக்கு மாற்றுங்கள். கோப்புகளுக்கு அது அருமையான இடம். ஹெர்பேரிய அறையைத் துறையிடம் திருப்பிக் கொடுங்கள். அலமாரி பழுது பார்க்க, பிழைத்திருக்கும் அட்டைகளைச் சுத்தம் செய்ய ஆகும் செலவில் பாதியை என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம். மாற்றச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது நான்தானே. மழை பிடிப்பதற்குள் அலமாரிகளை உள்ளே கொண்டுபோக மட்டும் இந்த வாரமே அனுமதி வேண்டும். அதற்குத் தீர்மானம்கூடத் தேவையில்லை, சாவி போதும்.

நவம்பர் கூட்டத்தில் இதை அஜெண்டாவில் வைத்து, முடிவு எதுவானாலும் எழுத்தில் தெரிவியுங்கள். உறையின்மேல் முன்னாள் முதல்வர் என்றோ ஆலோசகர் என்றோ எழுத வேண்டாம். தாவரவியல் துறை என்று எழுதினால் வந்து சேரும்.

இப்படிக்கு,
பேராசிரியர், தாவரவியல் துறை
மதுரை